வேகத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு
சில்வர்ஸ்டோன் ஓட்டத் திடலில் ஒரு நாள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நோர்தம்ப்டன்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் என்னும் இரு மாவட்டங்களின் எல்லையில் சில்வர்ஸ்டோன் என்றொரு சிறிய கிராமம் உண்டு. லண்டனிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 110 கிலோமீற்றர். சுற்றிவர வயல்களும் புல்வெளிகளும்தான். ஆனால் கார்ப் பந்தயத்தை விரும்பிப் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடம். ஆண்டுதோறும் பிரித்தானிய கிராண்ட் பிறீ பந்தயம் நடப்பது இங்கேதான்.

நம்மில் பலர் அறியாத விடயம் ஒன்று உண்டு. பந்தயம் இல்லாத நாட்களில், சாதாரண மனிதர்களும் கட்டணம் செலுத்தி, தமது சொந்தக் காரை அந்தப் பாதையில் ஓட்டலாம். பந்தயம் அல்ல, பரிசும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. இதனை அங்கே 'ட்ராக் டே' என்று அழைக்கிறார்கள். ஆசிரியைகள், தாதிகள், தபால்காரர்கள், ஓய்வுபெற்ற தாத்தாமார் என்று பலரும் வருகிறார்கள்.

என் ராத்தாவின் மகள் சில்வர்ஸ்டோனுக்கு அருகிலுள்ள மில்டன் கீன்ஸ் நகரில் தொழில் பார்க்கிறாள். கடந்த வருடம் ஜூன் மாதத்தில் ஒரு நாளுக்கு அவள் பதிவு செய்துவிட்டாள் என்ற செய்தி கல்முனைக்குப் போனதும், ராத்தாவிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. "நீ அங்கதானே நிக்காய். ஒருக்காப் போய்ப் பாத்து உள்ளதச் சொல்லு. என்ன உடுப்பு, என்ன ஆபத்து, யார் யார் வாற இடம்? எனக்கு இந்த மூண்டும் தெரியணும்."

ராத்தாவின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் நானாவின் மகனை, இருபது வயதில், மோட்டார் சைக்கிள் வேகத்துக்குப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் வேகம் என்ற சொல்லை யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. ராத்தாவின் மூன்று கேள்விகளையும் மனதில் வைத்துக்கொண்டே நானும் போனேன். அங்கு கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விமானத் திடல் ஓட்டத் திடலான கதை

சில்வர்ஸ்டோன் பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட இடமல்ல. இரண்டாவது உலகப்போரின் போது, 1943இல், பிரித்தானிய விமானப்படை இங்கே ஒரு விமானத்தளத்தைத் திறந்தது. வெலிங்டன் என்ற குண்டுவீச்சு விமானங்களில் பயிற்சி பெற இளம் விமானிகள் இங்கு வந்தார்கள். போர் முடிந்ததும் தளம் வெறிச்சோடியது. 1948 ஒக்டோபர் 2ஆம் திகதி அங்கே முதலாவது கிராண்ட் பிறீ பந்தயத்தை நடத்தினார்கள். வைக்கோல் கட்டுகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் அடுக்கி வைத்ததே அன்றைய எல்லை. 1950 மே 13ஆம் திகதி, உலக சாம்பியன் தொடரின் முதலாவது பந்தயம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முன்னிலையில் இதே இடத்தில் நடந்தது.

வளைவுகளின் பெயர்களில் அந்த மண்ணின் பழைய கதைகள் இருக்கின்றன. பெக்கட்ஸ், சப்பல் என்னும் இரு வளைவுகளும் அருகே இருந்த பழைய தேவாலயம் ஒன்றின் நினைவாகப் பெயர் பெற்றவை. ஹேங்கர் நேர்பாதையின் பெயர் விமானக் கொட்டகைகளால் வந்தது. வெலிங்டன் நேர்பாதை அந்தக் குண்டுவீச்சு விமானத்தை இன்றும் நினைவூட்டுகிறது.

முழுச் சுற்று 5.891 கிலோமீற்றர். பதினெட்டு வளைவுகள். முதன்முறை வருபவர்கள் பலர் 'நஷனல்' என்ற குறுகிய சுற்றைத் தெரிவு செய்கிறார்கள். அது ஏறக்குறைய 2.6 கிலோமீற்றர்தான். வளைவுகளும் குறைவு, கட்டணமும் குறைவு. எங்கள் மகளும் அதனையே தெரிவு செய்திருந்தாள்.

முதற் சட்டம் உடுப்பு

ராத்தாவின் முதற் கேள்விக்குப் பதில், நான் எதிர்பாராத வகையில் கிடைத்தது. பதிவு செய்தவர்களுக்கு அனுப்பப்படும் விதிகளில், கைகளும் கால்களும் முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அரைக்கைச் சட்டையோ அரைக்காற்சட்டையோ அணிந்து வந்தால், ஆணாயினும் பெண்ணாயினும் திடலில் இறங்க முடியாது. வெயில் கொளுத்தினாலும் இதுதான் சட்டம்.

காரணம் எளியது. தீயோ உடைந்த கண்ணாடியோ உடம்பைத் தொடுமுன் துணியைத் தொட வேண்டும். ஆகவே துணியும் முக்கியம். பருத்தி நல்லது. நைலோன், பொலியெஸ்டர் போன்றவை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நம் கடைகளில் பளபளப்பாகத் தொங்கும் அபாயாக்களிலும் ஸ்கார்ப்புகளிலும் பல இந்த வகையைச் சேர்ந்தவை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

தலையை மூடுவது அங்கே ஒருவருக்கும் புதுமையாகத் தெரியவில்லை. பெரிய பந்தயங்களில் ஓடும் வீரர்கள் எல்லோரும், தலைக்கவசத்தின் உள்ளே, தீ எளிதிற் பற்றாத துணியாலான ஓர் உறையை அணிகிறார்கள். தலை, காது, கழுத்து எல்லாம் மூடி, கண்கள் மட்டும் வெளியே தெரியும். வாடகைக்கு ஹெல்மட் எடுப்பவர்களிற் பலரும், பலர் அணிந்த ஹெல்மட் என்பதால், சுத்தத்துக்காக மெல்லிய துணி உறை ஒன்றை உள்ளே அணிந்துகொள்கிறார்கள்.

என்றாலும் நாம் வழமையாக உடுப்பதை அப்படியே உடுத்திக்கொண்டு போக முடியாது. ஸ்கார்ப் அணியும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஊசி கூடாது. ஹெல்மட்டின் அழுத்தத்தில் ஒரு சிறிய குண்டூசியும் தலையைக் காயப்படுத்தும். பின்னந்தலையில் பெரிய கொண்டையோ முடிச்சோ இருந்தால் ஹெல்மட் சரியாக உட்காராது. முடியைக் கழுத்தின் பக்கம் தாழ்வாகப் பின்னிக்கொள்வது நல்லது. துணியின் முனைகள் சட்டைக்குள்ளே செருகப்பட்டிருக்க வேண்டும். தொங்கும் துணி எதுவும் ஆகாது. புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன், 1927 செப்டெம்பர் 14ஆம் திகதி பிரான்ஸின் நீஸ் நகரில், திறந்த காரொன்றில் செல்கையில், அவரது நீண்ட பட்டுச் சால்வை சக்கரத்திற் சிக்கி உயிரிழந்தார். அந்தக் கார் பந்தயத்தில் ஓடவில்லை. சாதாரண வீதியிற்தான் போய்க்கொண்டிருந்தது.

நிலத்தைத் தொடும் அபாயாவும் சரிவராது. காலடியில் மூன்று மிதிகள் இருக்கும் இடத்தில் துணி சுருண்டால் பிரேக் பிடிக்க முடியாமற் போகும். எங்கள் மகள் முழங்கால் வரையிலான தளர்ந்த பருத்திச் சட்டை, கணுக்காலில் ஒடுங்கிய பருத்திக் காற்சட்டை, தலைக்கு மெல்லிய பருத்தித் துணி என்று உடுத்தியிருந்தாள். கண்ணியமாகவும் இருந்தது, காரியத்துக்கும் உதவியது. காதணி, மாலை, வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டாள்.

சப்பாத்து அடிப்பகுதி மெல்லியதாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். குதி உயர்ந்தது, செருப்பு, தடித்த றப்பர் அடி கொண்டது எதுவும் உதவாது. மிதியின் அழுத்தத்தைப் பாதம் உணர வேண்டும். குளிருக்குத் தடித்த கோட் அணிந்து அதன் மேல் ஆசனப்பட்டியைப் போடக் கூடாது. கோட்டின் பருமனால் பட்டி உடம்போடு இறுகாது. கோட்டை வெளியே நிற்கையில் போட்டுக்கொண்டு, காரில் ஏறுமுன் கழற்றிவிடலாம்.

ஹெல்மட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னங்களைச் சற்று அழுத்தும் அளவுக்கு அது இறுக்கமாக இருக்க வேண்டும். பட்டியைப் பூட்டித் தலையை ஆட்டினால், ஹெல்மட் தலையோடு சேர்ந்தே அசைய வேண்டும். தலைக்கு எந்தத் துணியை அணியப் போகிறீர்களோ அதே துணியோடுதான் அளவு பார்க்க வேண்டும். கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம். எவரோ பாவித்த பழையதை வாங்க வேண்டாம்.

காலையிலிருந்து நடப்பவை

காலை எட்டு மணிக்கு முன்பே அங்கே இருந்தோம். முதலில் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டிக் கையொப்பமிட வேண்டும். பின்னர் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டியைக் கட்டிவிடுகிறார்கள். காரின் சத்தத்தையும் கருவி வைத்து அளக்கிறார்கள். சுற்றியுள்ள கிராமங்களுக்காக இந்த ஏற்பாடு. அளவைத் தாண்டிய கார் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் திருப்பி அனுப்பப்படும்.

அடுத்தது விளக்கக் கூட்டம். இதற்கு வராதவர் ஓட முடியாது. அங்கே கொடிகளின் மொழியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மஞ்சட் கொடி: முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, எவரையும் முந்தாதே. சிவப்பு: ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகத் திரும்பி வா. நீலம்: உன் பின்னே வேகமான கார் வருகிறது, கண்ணாடியைப் பார். கறுப்பு: உன்னோடு பேச வேண்டும், உள்ளே வா. மஞ்சளும் சிவப்பும் கோடுகளாக இருந்தால் பாதை வழுக்குகிறது. கட்டம் போட்ட கொடி காட்டினால் ஓட்டம் முடிந்தது.

காரை மோதுவதற்கென்றே தேடிப் போகிறவன் இருந்தால் அவன் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்ற தோரணையிற்தான் அந்தக் கூட்டத்தை நடத்தியவர் பேசினார். நேரத்தை அளப்பதற்குக் கூட அனுமதி இல்லை. யார் முதலாவது என்ற கேள்வியே அங்கே எழக்கூடாது என்பதற்காக.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வரிசையாக, மெதுவாக, எவரையும் முந்தாமல், மூன்று சுற்றுகள் ஓட வேண்டும். பாதை எங்கே வளைகிறது, கொடி காட்டுபவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கண் பழகிக்கொள்ளவே இந்தச் சுற்றுகள்.

இருபது நிமிடத்துக்கு ஒரு பயிற்றுநரை அருகில் அமர்த்திக்கொள்ளவும் வசதி உண்டு. முதன்முறை செல்பவர் இந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது என்பது என் எண்ணம். பெண் பயிற்றுநர் வேண்டுமானால் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். எங்கள் மகள் அப்படிக் கேட்டே ஒழுங்கு செய்திருந்தாள். அந்தப் பயிற்றுநர் முதலிற் சொல்லிக் கொடுத்தது வேகத்தையல்ல. வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கையிலேயே பிரேக்கை அழுத்து. வளைவுக்குள் போய் அழுத்தாதே. காரின் மூக்கைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார்.

வழி விடுவதே மரியாதை

எங்கள் மகளுடையது சிறிய சுசுகி ஸ்விப்ட். நம் ஊர்த் தெருக்களிலும் ஓடும் கார்தான். அதன் பின்னே விலையுயர்ந்த ஜேர்மன் கார்கள் வந்தன. மகள் என்ன செய்யப் போகிறாள் என்று நான் தடுப்புச் சுவருக்கு அப்பால் நின்று பார்த்தேன். நேர்பாதை வந்ததும் அவள் வலப்பக்கமாக ஒதுங்கி, காலைச் சற்றுத் தூக்கினாள். பின்னால் வந்தவர் இடப்பக்கமாகத் தாண்டிப் போனார். கைகாட்டி நன்றியும் சொன்னார்.

இடப்பக்கமாக மட்டும் முந்துவது, முன்னே போகிறவர் இடம் தந்த பின்பே முந்துவது, வளைவில் முந்தாதிருப்பது என்பவை அங்கே பெரும்பாலான ட்ராக் டேகளின் விதி. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஒருவரும் மற்றவரின் வாலைப் பிடித்து விரட்டவில்லை. அக்கரைப்பற்று வீதியில் இரண்டு தனியார் பஸ்கள் ஒரே தரிப்பிடத்துக்கு ஓடுவதைப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு இது பெரும் அதிசயமாக இருந்தது.

பகல் பதினொரு மணியளவில் மழை தூறியது. லபீல்ட் என்ற நீண்ட வளைவில் ஒரு கார் வழுக்கிச் சுழன்று புல்லில் போய் நின்றது. என் நெஞ்சு ஒரு கணம் அடைத்துப் போனது. உடனே எல்லா இடத்திலும் சிவப்புக் கொடி. மற்றக் கார்கள் அத்தனையும் வேகம் குறைந்து வரிசையாகத் திரும்பின. சுழன்றவர் காரை விட்டு இறங்கவில்லை. பட்டியைக் கழற்றாமல், ஹெல்மட்டோடு, உதவி வரும் வரை உள்ளேயே இருந்தார். தீப்பிடித்தாலன்றி இறங்கக் கூடாது என்பது காலையிற் சொல்லப்பட்ட பாடம். சில நிமிடங்களில் அவரை உள்ளே கொண்டுவந்தார்கள். காயம் எதுவுமில்லை. அவரைத் தனியே அழைத்துப் பேசினார்கள். காரைச் சோதித்த பின்பே மீண்டும் அனுமதித்தார்கள்.

நானாவின் மகன் விழுந்த வீதியில் எதிரே லொறி வந்தது, ஓரத்தில் மின்கம்பம் நின்றது, ஹெல்மட் கைப்பிடியிற் தொங்கியது. இங்கே எதிரே வருவோர் இல்லை, குறுக்கே ஆடு மாடு இல்லை, சுற்றிவரப் புல்லும் மணலும், அம்புலன்ஸ் ஆயத்தமாக நிற்கிறது. என்றாலும் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அங்கே கையொப்பமிடும் தாளிலேயே மோட்டார் ஓட்டம் ஆபத்தானது என்றுதான் எழுதியிருக்கிறது. ஆபத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்கு வேலி போடுகிறார்கள். அவ்வளவுதான்.

காரும் காசும்

காருக்கும் ஆயத்தம் தேவை. பிரேக் எண்ணெய் பழையதானால் கடுஞ்சூட்டில் கொதித்து, மிதி தரையோடு போய்விடும். ஆகவே அதனை மாற்றி, பிரேக் கட்டைகளின் தடிப்பையும் டயர்களையும் சக்கர ஆணிகளையும் பார்க்க வேண்டும். குழந்தையின் ஆசனம், தண்ணீர்ப் போத்தல், குடை, கால்மிதி விரிப்பு எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். உருண்டு வரும் ஒரு சிறு போத்தல் பிரேக் மிதியின் கீழே சிக்கினால் போதும். ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் மெதுவாக ஓடி பிரேக்கை ஆறவிட வேண்டும். நிறுத்திய பின் கைப்பிரேக்கை இழுக்காமல், காரைக் கியரில் விட வேண்டும்.

சாதாரண வாகனக் காப்புறுதி பெரும்பாலும் திடலுக்குள் செல்லாது. ஒரு நாளைக்கென்று தனிக் காப்புறுதி எடுக்கலாம். எடுக்காதவர், தன் கார் உடைந்தாலும் தடுப்பு வேலி உடைந்தாலும் தன் பணத்திலேயே கட்ட வேண்டும். ஆகவே இழந்தால் தாங்க முடியாத காரை, கடனில் வாங்கிய காரை, குடும்பத்துக்கு இருக்கும் ஒரேயொரு காரை அங்கே கொண்டுபோவது புத்தியல்ல.

பார்க்கப் போகிறவர்களுக்கு

பழைய விமானத் திடல் என்பதால் காற்றுக்கு மறைப்பில்லை. ஜூன் மாதத்திலும் குளிர் அடித்தது. மழைக்கோட்டும் ஒரு மடக்குக் கதிரையும் கொண்டு செல்லுங்கள். உணவை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது ஹலால் பற்றிய கவலையைத் தீர்க்கும். ஓட்டுபவர் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது, தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும். சிறு பிள்ளைகளைக் கார்கள் புறப்படும் பாதையருகே விடமாட்டார்கள். எங்கே நிற்கச் சொல்கிறார்களோ அங்கேயே நில்லுங்கள். நம் நாட்டில், 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவையில் நடந்த பொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்து ஏழு உயிர்கள் போனதை நாம் மறக்கலாகாது.

யார் யார் வரும் இடம் என்பது ராத்தாவின் மூன்றாவது கேள்வி. ஆண்கள்தான் அதிகம். ஆனால் பெண்கள் இல்லாமலில்லை. சவூதி அரேபியாவில் பெண்கள் வாகனம் ஓட்டுவதற்கு இருந்த தடை 2018 ஜூன் 24ஆம் திகதி நீங்கியது. ஒரு வருடம் கழியுமுன்னரே, 2019 ஏப்ரலில், ஜித்தாவில் பிறந்த ரீமா ஜுபாலி இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹெச் திடலில் நடந்த பந்தயத்தில் ஓடினார். எங்கள் மகளை அங்கே எவரும் வேடிக்கை பார்க்கவில்லை. அவளுடைய டயரின் காற்றைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

அன்று மாலை

திடல் மூடுவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பணம் கட்டிய நேரம். மகள் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். "ஏன் மகள், இன்னும் நேரமிருக்கே?" என்று கேட்டேன். "களைச்சிட்டன் சாச்சி. ரெண்டு வளைவில பிந்தித்தான் பிரேக் பிடிச்சன். இனி ஓடினா நல்லதில்ல" என்றாள்.

அன்றிரவு ராத்தாவுக்கு எடுத்துச் சொன்னபோது இதனையே முதலிற் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "எங்கட புள்ளைக்கு அத யாரும் சொல்லிக் குடுக்கல்லியே" என்றார். மகளைப் பற்றி அவர் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சகோதரிகளே! நம்மில் அநேகருக்கு சில்வர்ஸ்டோனுக்குப் போகும் வாய்ப்பு வராது. வரவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் நம் நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். அந்த வீதிகளில் நாளை காலையும் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளை எடுப்பார்கள். எதிரே எவரும் வராத திடலிலேயே இத்தனை கட்டுப்பாடு என்றால், எல்லோரும் எதிரே வரும் வீதிக்கு எவ்வளவு வேண்டும்! மகன் புறப்படும்போது ஹெல்மட்டின் பட்டியைப் பூட்டினானா என்று பாருங்கள். பின்னால் அமரும் மகளின் சால்வையும் அபாயாவின் ஓரமும் சக்கரத்தருகே தொங்காமற் செருகி விடுங்கள். களைத்துப் போய் வந்தவனை, "பரவாயில்ல மகன், இருந்துட்டு நாளைக்குப் போ" என்று மறித்து வையுங்கள்.